பணம் போயிற்று, டிக்கெட் வரவில்லை

இணையத்தில் பஸ் டிக்கெட் எடுப்பவரின் கண்ணுக்கு ஆறு திரைகள்தான் தெரியும். எங்கிருந்து எங்கே என்று கேட்பது ஒன்று. பிறகு பஸ்களின் பட்டியல், இருக்கைப் படம், பயணியின் பெயரும் வயதும் எழுதும் படிவம், பணம் கட்டும் இடம், கடைசியாக டிக்கெட். இந்த ஆறையும் வரிசையாகக் காட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். அந்த வித்தையைத்தான் நான் பல வருடமாகத் தொழிலாகச் செய்கிறேன். ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போகும் அந்த இடைவெளியில்தான் ஜனங்களின் பணம் மாட்டிக்கொள்கிறது.

2018 வாக்கில் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆம்னி பஸ்களுக்கு டிக்கெட் விற்கும் வெப் ஆப் அவர்களுடையது. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் பலர் கைபட்டது. திரை மாற்றும் வேலை முழுவதும் ஒரே கோப்பில் இருந்தது. கோப்பின் தலைப்பகுதியில் ஆறு ஃப்ளாக்குகள்: தேடிக்கொண்டிருக்கிறதா, பிழை வந்ததா, இருக்கைப் படம் தெரிய வேண்டுமா, படிவம் தெரிய வேண்டுமா, பணம் போய்க்கொண்டிருக்கிறதா, டிக்கெட் ஆயிற்றா. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று ஒரு மதிப்பு. அதற்குக் கீழே இவற்றைப் பலவிதமாகச் சேர்த்துக் கேட்கும் இஃப்களின் நீண்ட வரிசை.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அப்படி எழுதவில்லை. புதிதாக ஒரு தேவை வரும்போதெல்லாம் ஒருவர் ஒரு ஃப்ளாக்கைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். அந்தந்த நாளுக்கு அது சரியான வேலைதான். ஆனால் ஆறு ஃப்ளாக் என்றால் 64 சேர்க்கைகள். அதில் பயணிக்குக் காட்டத் தகுந்தவை பத்துப் பன்னிரண்டு தேறும். மீதி ஐம்பதுக்கு மேல், நடக்கவே கூடாதவை. நடக்கக் கூடாது என்று புரோகிராமில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஏழாவது ஃப்ளாக்கைச் சேர்த்தால் 128 ஆகிவிடும்.

சாதாரண நாளில் இது வெளியே தெரியாது. சர்வர் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லிவிட்டால், இரண்டு ஃப்ளாக்குகள் முரண்பட்டு நிற்க அவகாசம் கிடைக்காது. தீபாவளி, பொங்கலுக்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில்தான் எல்லாம் வெளியே வரும். மதுரைக்குத் தேடிவிட்டு, பதில் தாமதமாகிறதே என்று மனம் மாறித் திருச்சிக்குத் தேடுவார் ஒருவர். திருச்சிப் பட்டியல் வந்து அவர் இருக்கை பார்க்கத் தொடங்கிய பிறகு, மறந்துபோன மதுரைப் பதில் நிதானமாக வந்து சேரும். திரையின் தலைப்பில் திருச்சி, கீழே மதுரை பஸ். வேறொருவருக்கு ‘இருக்கை போய்விட்டது’ என்ற அறிவிப்புக்குப் பின்னாலேயே பணம் கட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். ‘பணம் கட்டு’ பொத்தானை மங்கலாக்கும் வரி, இருக்கை இன்னும் இருக்கிறதா என்று சர்வரிடம் கேட்டுப் பதில் வந்த பிறகுதான் ஓடும். அதற்குள் பொறுமை இழந்தவர் இரண்டாம் முறை தட்டியிருப்பார்.

எங்கள் பேக்எண்ட் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். மென்பொருளுக்கு நடுவயதில் வந்தவர். அதற்கு முன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லிஃப்டுகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறையில் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘சார்’. ஒரு மாலை என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் திரையில் இருந்த இஃப் வரிசையை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார்.

“ஏம்மா, இந்த ஆப் இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கு? ஒரே வார்த்தையில சொல்லு.”

“லோடிங் ட்ரூ சார், எரர் ஃபால்ஸ், ஷோ சீட் ட்ரூ...” என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“லிஃப்ட்ட கேட்டா, மேல போறேன், கீழ போறேன், நிக்கிறேன் கதவு திறந்திருக்குன்னு ஒண்ணுதாம்மா சொல்லும். மேலயும் போறேன் கீழயும் போறேன்னு சொல்லாது. சொல்ல முடியாத மாதிரிதான் வயரிங்கே பண்ணுவோம்.”

பிறகு ஒரு தாளை எடுத்து, மோட்டாரை மேலே ஓட்டும் கான்டாக்டர் என்ற மின்சுவிட்சையும் கீழே ஓட்டும் கான்டாக்டரையும் வரைந்தார். ஒன்று ஒட்டியிருக்கும்போது மற்றதன் காயிலுக்கு மின்சாரம் போகாதபடி வயரிங் செய்திருப்பார்கள். அது போதாதென்று, இரண்டும் சேர்ந்து ஒட்ட முடியாதபடி நடுவில் இரும்பாலும் ஒரு தடுப்பு இருக்கும். கதவுகளின் தொடுமுனைகள் எல்லாம் ஒரே தொடரில் வரும். ஒரு கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும் மோட்டார் ஓடாது. தப்பான நிலை வந்துவிட்டதா என்று யாரும் அங்கே சோதித்துக்கொண்டிருப்பதில்லை. அது வருவதற்கு வழியே வைப்பதில்லை.

ஸ்டேட் மெஷின் என்ற பெயரைக் கல்லூரியில் படித்திருந்தேன். மீலி 1955-லும் மூர் 1956-லும் எழுதிய கட்டுரைகள், வட்டங்கள், அம்புகள், பரீட்சைக்கு நான்கு கேள்வி. ஒரு திரையோடு அதற்குச் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை. அன்று சார் தாளின் மறுபக்கத்தில் எங்கள் ஆப்பை வரைந்தார். ‘தேடல்’, ‘பட்டியல் வருகிறது’, ‘பட்டியல்’, ‘இருக்கை’, ‘படிவம்’ என்று கட்டங்கள். எந்தக் கட்டத்தில் இருக்கும்போது என்ன நடந்தால் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று அம்புகள். ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தில்தான் நிற்க முடியும். அந்தக் கட்டத்திலிருந்து அம்பு இல்லாத எதையும் ஆப் காதில் போட்டுக்கொள்ளாது.

அந்தக் கடைசி விதி எவ்வளவு பெரியது என்பது எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆறு ஃப்ளாக்குகளை எடுத்துவிட்டு ‘நிலை’ என்று ஒரே ஒரு மாறியை வைத்தோம். பக்கத்தில் ஓர் அட்டவணை. அதில் ‘பணம் போகிறது’ என்ற நிலைக்கு எதிரே, ‘வெற்றி’, ‘தோல்வி’, ‘கெடு முடிந்தது’ என்ற மூன்று நிகழ்வுகள் மட்டும் இருந்தன. ‘பணம் கட்டு’ என்ற நிகழ்வு அந்த வரியில் இல்லை. ஆகவே பயணி பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் முதல் தட்டலுக்குப் பிறகு ஒன்றும் நடக்காது. பொத்தான் மங்கலாக இருக்கிறதா இல்லையா என்பது பார்வைக்கான விஷயமாக மட்டும் ஆகிவிட்டது. (சர்வரிலும் ஒவ்வொரு கட்டணக் கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கும் ஏற்பாட்டைச் சார் செய்தார். உலாவியை மட்டும் நம்பிப் பணத்தைத் தொடக்கூடாது என்பதில் அவர் கறார்.)

மதுரைப் பதில் பிரச்சினைக்கும் இதிலேயே வழி இருந்தது. ஒரு நிலையை விட்டு வெளியேறும்போது செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றை ஸ்டேட் மெஷினில் எழுதிவைக்கலாம். ‘பட்டியல் வருகிறது’ நிலையை விட்டு எந்த வழியாக வெளியேறினாலும், போய்க்கொண்டிருக்கும் கோரிக்கையை ரத்து செய் என்று ஒரே இடத்தில் எழுதினோம். முன்பு அந்த ரத்து, பல கோப்புகளில் ஆளுக்கொரு விதமாகச் சிதறிக் கிடந்தது.

அம்புகளின் மேல் நிபந்தனையும் எழுதலாம். ஆம்னி பஸ்ஸில் ஒரு பெண் ஏற்கெனவே பதிவு செய்த இருக்கைக்குப் பக்கத்து இருக்கையைப் பெண்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பார்கள். இருக்கைத் திரையில் அதைத் தேர்ந்துவிட்டு, படிவத்தில் ஆண் பெயரை எழுதினால் என்ன செய்வது? பழைய நிரலில் இதற்கான சோதனை பணம் கட்டும் திரையில் உட்கார்ந்திருந்தது. எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் ‘முடியாது’ என்று வரும். படத்தில் இதைப் படிவத்திலிருந்து பணத்துக்குப் போகும் அம்பின் மேல் ஒரு நிபந்தனையாக எழுதினோம். பொருந்தாவிட்டால் இருக்கைப் படத்துக்குத் திரும்பும் இன்னோர் அம்பு. பார்த்தவுடன் யாருக்கும் புரிந்தது.

யாருக்கும் என்று சும்மா சொல்லவில்லை. சார் படத்தைப் பெரிய வெள்ளைப் பலகையில் வரைந்து, எல்லோரையும் கூப்பிட்டார். புரோகிராமர்கள் மட்டும் போதும் என்று மேனேஜர் சொன்னபோது கேட்கவில்லை. பஸ் கம்பெனிகளோடு பேசுபவர், கணக்கு பார்ப்பவர், கஸ்டமர் கேரில் இருந்த பெண் என்று எல்லோரும் வந்தார்கள். கஸ்டமர் கேர் பெண் கடைசி வரிசையில் நின்றபடி, தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“சார், எனக்கு வர்ற ஃபோன் இதுல எங்க இருக்கு?”

“எந்த ஃபோன்மா?”

“பணம் போயிடுச்சு, டிக்கெட் வரலன்னு சொல்றாங்கல்ல. அதான் சார் பாதிக்கு மேல. அவங்க இந்தப் படத்துல எந்தக் கட்டத்துல நிக்கிறாங்க?”

பலகையில் ‘பணம் போகிறது’ என்பதிலிருந்து இரண்டு முக்கியமான அம்புகள் இருந்தன. வெற்றி என்றால் டிக்கெட். தோல்வி என்றால் மறுபடி முயலச் சொல்லும் திரை. அவள் சொன்ன மனிதர்கள் இரண்டிலும் இல்லை. வங்கியில் பணம் கழிந்துவிட்டது; கழிந்த செய்தி எங்களுக்கு வரவில்லை. எங்கள் ஆப் கெடு முடிந்ததும் ‘தோல்வி’ என்று காட்டி, ‘மீண்டும் கட்டுங்கள்’ என்று பச்சைப் பொத்தானை நீட்டியது. தீபாவளிக்கு ஊர் போயாக வேண்டியவர் வேறு வழியில்லாமல் மறுபடி கட்டினார். பிறகு இவளுக்கு ஃபோன் செய்து கத்தினார். தினமும் அந்தக் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது அவள்தான். திரையை எழுதிய நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. சார் மார்க்கரை அவளிடம் கொடுத்து, “நீயே வரைஞ்சிடும்மா” என்றார். அவள் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் ஒரு கட்டம் போட்டு, ‘தெரியல’ என்று எழுதினாள். எங்கள் ஆப்பில் இன்றுவரை அந்த நிலைக்கு அதுதான் பெயர்.

அந்த ஒரு கட்டம் பல வேலைகளைக் கொண்டுவந்தது. வங்கியின் பதிலுக்கான கெடு முடிந்தால் ஆப் இனித் தோல்விக்குப் போகாது, இங்கேதான் வரும். ‘தெரியல’ நிலையில் மறுபடி பணம் கட்டும் அம்பு கிடையாது. திரையில் என்ன வாசகம் வர வேண்டும் என்பதை அவளே எழுதிக்கொடுத்தாள்: உங்கள் பணம் கழிந்திருக்கலாம், வங்கியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இன்னொரு முறை கட்ட வேண்டாம், இருக்கை உங்களுக்காகவே இருக்கிறது. அந்தக் கடைசி வரியை உண்மையாக்க, பஸ் கம்பெனியோடு பேசி இருக்கையைப் பிடித்துவைக்கும் நேரத்தை நீட்ட வேண்டியிருந்தது. பின்னணியில் சர்வர் சிறுசிறு இடைவெளி விட்டுப் பணநிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வந்தால் டிக்கெட்டுக்கோ தோல்விக்கோ நகரும். உலாவியை மூடிவிட்டுப் போனவருக்கு எஸ்எம்எஸ்.

2016-ல் வந்த யுபிஐ பரவப் பரவ இந்த நிலை இன்னும் முக்கியமாகிவிட்டது. மொபைல் உலாவியில் டிக்கெட் எடுப்பவர் பணம் கட்டத் தட்டியதும் வேறோர் ஆப் திறக்கும். எங்கள் பக்கம் பின்னால் போய்விடும். பின்னால் போன பக்கத்தின் கடிகாரத்தை உலாவி மெதுவாக்கிவிடும். நினைவகம் பற்றாக்குறை என்றால் பக்கத்தையே தூக்கிப் போட்டுவிடும். இருக்கையைப் பிடித்துவைத்த நேரத்தை நொடிநொடியாகக் குறைத்துக்கொண்டிருந்த எங்கள் எண்ணிக்கை அங்கே பொய்யாகிவிடும். ஆகவே உலாவி எண்ணுவதை நிறுத்தினோம். முடியும் நேரம் இன்னது என்று சர்வர் சொல்லும். பக்கம் மறுபடி கண்ணுக்கு வரும்போது அதோடு ஒப்பிட்டுக்கொள்ளும். பக்கமே செத்துப்போய்ப் புதிதாகத் திறந்தாலும், முதல் காரியமாக ‘நான் எந்த நிலையில் இருக்கிறேன்’ என்று சர்வரிடம் கேட்கும். தன் சேமிப்பில் இருப்பதை நம்பாது.

நான் சேர்ந்த அடுத்த ஆண்டு, 2019 செப்டம்பரில், தோல்வியடைந்த பரிமாற்றங்களுக்கு ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. கடைக்காரருக்குக் கட்டிய யுபிஐ பணம் கழிந்து, உறுதி வராமல் போனால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வெற்றியும் தோல்வியும் அல்லாத ஒரு நடுநிலை உண்டு என்பதை நாட்டின் மத்திய வங்கியே விதியாக எழுதிவைத்திருக்கிறது என்று சொல்லி, சார் அந்தச் சுற்றறிக்கையைக் கஸ்டமர் கேர் மேசைக்கு மேலே ஒட்டினார்.

பின்செல்லும் பொத்தான் எங்களை வேறுவிதமாகப் படுத்தியது. உலாவியின் அம்புக்குறி எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஒரே பக்கத்துக்குள் இருந்துகொண்டு முகவரியை மாற்றும் வசதி 2010 வாக்கில் உலாவிகளில் வந்தது. ஆனால் பயணி பின்னால் போகும்போது நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. முகவரி மாறிய பிறகுதான் ‘மாறிவிட்டது’ என்று செய்தி வரும். பழைய நிரல் அந்தச் செய்தி வந்தவுடன் முகவரி சொன்ன திரையைக் காட்டிவிடும். பணம் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் தட்டினால் படிவம் வந்து நிற்கும், உள்ளே பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு நாங்கள் பிடித்த வழி, யார் சொல்வதைக் கேட்பது என்று தீர்மானிப்பதுதான். நிலைதான் முதலாளி, முகவரி அதன் பின்னால் வர வேண்டும். பின்னால் தட்டுவதையும் மற்ற தட்டல்களைப் போல ஒரு நிகழ்வாக ஸ்டேட் மெஷினுக்கு அனுப்பினோம். இருக்கைத் திரையில் அந்த நிகழ்வு வந்தால் பட்டியலுக்குப் போகும். ‘பணம் போகிறது’ நிலையில் அதற்கு அம்பு இல்லை. ஆகவே நிலை நகராது, மாறிப்போன முகவரியை மறுபடி பழையபடி வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு வரி காட்டும். டிக்கெட் வந்த பிறகு பின்னால் தட்டினால் முதல் தேடல் திரை. இந்த முடிவுகள் எல்லாம் பலகையில் எடுக்கப்பட்டவை. எந்த ஒன்றுக்கும் நிரலைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

படம் வளர வளர அம்புகள் சிக்கலாயின. இருக்கையைப் பிடித்துவைத்த கெடு முடிந்தால் இருக்கைக்குத் திரும்பு என்ற ஒரே அம்பைப் பணம் சம்பந்தமான எல்லாக் கட்டங்களிலிருந்தும் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் சார் டேவிட் ஹாரெல் எழுதிய கட்டுரையை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். 1987-ல் வந்தது. ஸ்டேட்சார்ட் என்ற வரைமுறையை உலகத்துக்குச் சொன்ன கட்டுரை. அதைப் படித்த வார இறுதியை நான் மறக்கமாட்டேன். கணினித் துறையில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டதை அதற்கு முன் நான் படித்ததில்லை.

ஹாரெல் இஸ்ரேலின் வைஸ்மன் இன்ஸ்டிடியூட்டில் பேராசிரியர். 1980-களின் தொடக்கத்தில், லாவி என்ற போர்விமானத்தின் மின்னணுக் கட்டுப்பாட்டை வடிவமைத்த பொறியாளர்களுக்கு ஆலோசனை சொல்ல வாரத்துக்கு ஒரு நாள் போய்வந்தார். ஒவ்வொருவரும் தன் துறையில் தேர்ந்தவர்கள். ஆனால் இன்ன சூழ்நிலையில் இந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கும் என்று கேட்டால், தடித்த ஆவணங்களைப் புரட்டுவார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துப்போகாது. எங்கள் பலகைக்கு முன்னால் நடந்த அதே கதை. அவர்களுடைய பேச்சைக் கேட்டுக் கேட்டு வரைந்ததில்தான் ஸ்டேட்சார்ட் பிறந்தது. கட்டுரை வெளிவந்த அதே 1987-ல் லாவித் திட்டத்தை அந்நாட்டு அரசு கைவிட்டுவிட்டது. விமானத்துக்காகக் கண்டுபிடித்த படம் மட்டும் நிலைத்தது.

கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் விமானம் கூட அல்ல. சிட்டிசன் கம்பெனியின் பல அலாரங்கள் உள்ள ஒரு டிஜிட்டல் கைக்கடிகாரம். நான்கு பொத்தான்களை வைத்துக்கொண்டு நேரம், தேதி, அலாரம், ஸ்டாப்வாட்ச் என்று எத்தனையோ திரைகளுக்கு மாறும் பொருள். எங்கள் ஆப்புக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது அது. கட்டத்துக்குள் கட்டம் வைக்கலாம் என்கிறார் ஹாரெல். ‘பணம்’ என்று ஒரு பெரிய கட்டம், அதற்குள் ‘முறை தேர்வு’, ‘போகிறது’. இருக்கைக் கெடு முடிந்தால் திரும்பும் அம்பைப் பெரிய கட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரே ஒருமுறை வரைந்தால் போதும். உள்ளே எங்கே நின்றாலும் பொருந்தும். ‘தெரியல’ கட்டத்தை மட்டும் நாங்கள் அதற்கு வெளியே வைத்தோம், இருக்கைக் கெடு அதைத் தொடக்கூடாது என்பதற்காக. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவற்றைப் பக்கம் பக்கமாக வைக்கலாம் என்பது அடுத்தது: இணைய இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பது திரைகளோடு பெருக்கிக்கொள்ளாமல் தனியாக ஓடும். இன்னொன்று, விட்ட இடத்தை நினைவில் வைப்பது. உதவித் திரையைத் திறந்து மூடினால், இருக்கைப் படத்தில் இருந்தவர் இருக்கைப் படத்துக்கும் படிவத்தில் இருந்தவர் படிவத்துக்கும் திரும்புவார்.

திரைகளை இப்படி வரைவது ஒன்றும் புதிதல்ல. டேவிட் பார்னாஸ் 1969-லேயே கணினியோடு மனிதர் பேசும் முறையை நிலைமாற்றப் படங்களால் வடிவமைப்பது பற்றி எழுதிவிட்டார். இயன் ஹாராக்ஸ் 1999-ல் ஸ்டேட்சார்ட்டை வைத்துத் திரைகள் கட்டுவது பற்றி ஒரு புத்தகமே போட்டார். 2015-ல், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி இதை எக்ஸ்எம்எல் வடிவத்தில் தரநிலையாக்கியது. டேவிட் கூர்ஷிட் உருவாக்கிய எக்ஸ்ஸ்டேட் என்ற நூலகம் வந்த பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களிடையே இது பரவியது. எங்கள் ஆப்பையும் பின்னாளில் அதற்கு மாற்றினோம்; எழுதிய நிரலையே அது படமாகக் காட்டும் என்பதால். ஆனால் நூலகம் இல்லாமல் கையால் எழுதிய அட்டவணையே முதல் தீபாவளியைத் தாண்டி எங்களைக் கொண்டுபோனது. ஐம்பது அறுபது வரி இருக்கும். தொடங்குவதற்கு அது போதும் என்பது இன்றும் என் அபிப்பிராயம்.

குழுவில் எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வளவு சின்ன ஆப்புக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பயணியின் பெயரில் ஓர் எழுத்து மாறுவதற்கெல்லாம் ஒரு நிலை வைத்தால் படம் யாருக்கும் உதவாது. பெயர், வயது, தேர்ந்த இருக்கை எண் எல்லாம் தகவல்கள், அவை நிலையோடு கூட வரும் பையில் இருந்தால் போதும். ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு ஒரு லிங்க் போதும். பணம், நேரக்கெடு, வெளியிலிருந்து வரும் பதில் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் படம் வரைய வேண்டும் என்று நான் எனக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். டிக்கெட் எடுப்பதில் மூன்றுமே இருந்தன.

அடுத்த தீபாவளி வாரத்தில் கோயம்பேடு பஸ் நிலையம் நிரம்பி வழிந்தது. எங்கள் சர்வர் வழக்கம்போலத் திணறியது. ‘தெரியல’ நிலையில் நிறையப் பேர் நின்றார்கள். நின்றவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பக்கமாக நகர்ந்தார்கள், டிக்கெட்டுக்கு அல்லது பணம் திரும்புவதற்கு. ஃபோன்கள் அப்போதும் வந்தன. ஆனால் அந்தப் பெண்ணால் இப்போது பயணியின் எண்ணைத் தட்டி, அவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று பார்த்து, “அண்ணா, பேங்க்ல கேட்டிருக்கோம், சீட் உங்க பேர்லதான் இருக்கு, மறுபடி கட்டாதீங்க” என்று சொல்ல முடிந்தது. அவள் குரலில் இருந்த அந்த நிச்சயத்துக்காகவே இந்த வேலை முழுவதையும் இன்னொரு முறை செய்வேன்.

சார் ஓய்வு பெற்றுவிட்டார். நான் வேறு நிறுவனத்துக்கு வந்துவிட்டேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் திரை மாற்றும் நிரலைக் கொடுக்கும் முன் முதலில் பலகையில் வரையச் சொல்கிறேன்.

பணம் கட்டும் திரையை எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் படத்தில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் மூன்றாவது கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த ஃப்ளாக்கைச் சேர்ப்பதற்கு முன், உங்கள் கஸ்டமர் கேரில் ஃபோன் எடுப்பவரைக் கூப்பிட்டு மார்க்கரை அவர் கையில் கொடுங்கள்.